உள்ளே ஒருவர் இருக்கிறார்

காலை 8.20.

மறந்துபோன ஒரு மூட்டை டி-ஷர்ட்டை எடுக்கத்தான் மேலாளர் குளிர்கிடங்குக்குத் திரும்பி வந்தாள். பத்து மணிக்கு நகர அரங்கில் பெரிய கூட்டம். தொழில் வணிகச் சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து நடத்துவது. ‘செயற்கை நுண்ணறிவோடு நம் நகரம்’ என்று மேடைக்குப் பின்னால் ஆளுயர எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அரங்கை நிரப்ப ஆள் வேண்டுமே. வழக்கமாக ஆறு மணிக்குக் கிடங்கில் இறங்கும் காலை ஷிப்டை அப்படியே இரண்டு பஸ்ஸில் ஏற்றி அரங்குக்கு அனுப்பியிருந்தாள். முந்தைய நாள் மாலை சங்கச் செயலாளர் போனில் சொன்ன ஏற்பாடு அது.

அதனால் கிடங்கில் ஈ காக்கை இல்லை. வாசலில் காவலாளியும் இல்லை. கதவைத் திறந்து மூடச் செயற்கை நுண்ணறிவு மெஷின் வந்த அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்தாம் அறையின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் நின்றாள். அந்த அறை காலியாக இருக்க வேண்டியது. மற்ற அறைகளில் பழம் அடுக்கி, காற்றிலிருக்கும் ஆக்சிஜனை வெளியே தள்ளி நைட்ரஜன் நிரப்புவார்கள். பழம் மாதக்கணக்கில் கெடாது. மனிதன் நுழைந்தால் சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். அதற்குத்தான் சிவப்பு விளக்கு. காலி அறைக்கு எதற்கு நைட்ரஜன்?

போனில் காற்றோட்டத்துக்கு உத்தரவு கொடுத்து, விளக்கு பச்சையாகும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. கதவில் சாய்ந்திருந்த மெக்கானிக் அவள் காலடியில் சரிந்தார்.

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கிடங்கின் ஒவ்வொரு குழாயையும் அறிந்த மனிதர். எல்லோருக்கும் அவர் ஸ்பேனர் அண்ணன்.

காலை 8.50.

ஆய்வாளருக்கு அன்று விடிந்ததிலிருந்தே எரிச்சல். அரங்க வாசலில் மேயரின் கார் நிற்க இடம் காலியாக வைப்பதுதான் அவளுக்கு இடப்பட்ட பணி. அங்கிருந்துதான் கிடங்குக்கு வந்தாள். கூடவே ஏட்டு. முப்பது வருட சர்வீஸ், பேச்சு குறைவு, ஞாபகம் அதிகம்.

அவள் குனிந்து உடலைப் பார்த்தாள். முகத்தில் காயமில்லை. கழுத்தில் தடமில்லை. கைகளைத் திருப்பினாள். இரண்டு கைகளிலும் விரல் முட்டிகளின் தோல் உரிந்து, ரத்தம் உறைந்திருந்தது.

கதவின் உள்பக்கத்தைப் பார்த்தாள். இடுப்பு உயரத்தில் நான்கு திருகுத் துளைகள், அவற்றை மூடிய ஒரு தகடு. தகட்டுக்கு மேலே பச்சை நிறப் பொத்தான் ஒன்று. தகடு நெளிந்திருந்தது. அதிலும் ரத்தம்.

“இந்த இடத்துல என்ன இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“கைப்பிடி மேடம்,” என்றாள் மேலாளர். “இரும்புல. உள்ள மாட்டிக்கிட்டா திருகினா போதும், கதவு திறந்துக்கும். மெஷின் வந்தப்போ எல்லா ரூம்லயும் கழட்டிட்டாங்க. இப்ப பொத்தானை அழுத்தினா மெஷின் திறக்கும்.”

“மெஷின் திறக்கலைன்னா?”

“நைட்ரஜன் ஏறும்போது அழுத்தினாலும் திறக்காது மேடம்,” என்றாள் மேலாளர்.

“கைப்பிடியை எதுக்குக் கழட்டினாங்க?”

வேலை நேரத்தில் யார் எத்தனை தடவை வெளியே போகிறார்கள் என்று மெஷின் எண்ணுவதற்காக என்று தலையைக் குனிந்தபடி சொன்னாள். கைப்பிடி இருந்தால் ஆட்கள் கணக்கில் வராமல் டீ குடிக்கப் போய்விடுவார்களாம்.

ஏட்டு வாய்க்குள் ஏதோ சொன்னார். நல்ல வார்த்தை அல்ல.

காலை 9.10.

சங்கத் தலைவர் வந்தார். கிடங்கின் முதலாளியும் அவர்தான். பெரிய உடம்பு, பெரிய குரல். காரிலிருந்து இறங்கும்போதே அழுதுகொண்டிருந்தார். உடலின் அருகே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“என் கூடப்பிறந்த தம்பி மாதிரிம்மா இவன். இந்தப் பாழாப்போன மெஷின் வேண்டாம் வேண்டாம்னு எனக்கு அப்பவே தோணுச்சு. எல்லாரும் சொன்னாங்கன்னு வாங்கினேன். எனக்கு இந்தப் போன்ல ஒரு மெசேஜ் அனுப்பவே தெரியாது.”

காலை ஐந்து மணிவாக்கில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டதற்கு, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும், போனை அணைத்து வைத்திருந்ததாகவும், எட்டரைக்கு அதை உயிர்ப்பித்தபோதுதான் மேலாளரின் அழைப்பு வந்ததாகவும் சொன்னார்.

அவருக்குப் பின்னாலேயே செயலாளர் வந்தார். ஒல்லி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் மடிக்கணினி. இந்த மெஷினை ஊருக்குள் கொண்டுவந்ததே அவர்தான். இறந்தவரை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். பதிவேட்டின் அச்சுப்பிரதியை ஆய்வாளரிடம் நீட்டினார்.

“மெஷின் மேல தப்பே இல்ல மேடம். பாருங்க. அவரோட அட்டையைக் காட்டித்தான் கதவு திறந்திருக்கு. யாரும் கட்டாயப்படுத்தல. விதிமுறையை மீறி அவரா உள்ள போயிருக்கார்.”

தாளில் மூன்று வரிகள் இருந்தன.

வரி 211. 5.12. ஐந்தாம் அறை திறப்பு. மெக்கானிக் அட்டை.

வரி 212. 5.14. கதவு மூடல்.

வரி 215. 5.20. நைட்ரஜன் நிரப்பல் தொடக்கம். தானியங்கி.

“இதை யாரெல்லாம் போன்ல இருந்தே இயக்க முடியும்?”

நான்கு பேர் என்றார். முதலாளி, மேலாளர், தான், பிறகு இறந்துபோனவர். எங்கிருந்து வேண்டுமானாலும் இயக்கலாம் என்பதைப் பெருமையோடு சொன்னார். குளிர் அறைகளுக்குள் மட்டும் போனில் சிக்னல் எடுக்காதாம். ஐந்து மணிக்குத் தான் அரங்கில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். மேலாளர் பஸ்களோடு நின்றிருந்தாள். ஆனால் யார் எங்கே நின்றிருந்தால் என்ன? சட்டைப்பையிலிருக்கும் போன் போதுமே.

முதலாளி மெஷினைத் திட்டினார். செயலாளர் செத்தவரைத் திட்டினார். ஆய்வாளர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஏட்டைத் தனியே அழைத்துத் தன் கைமுட்டியைக் காட்டினாள். “நைட்ரஜன் இருக்கிற ரூமுக்குள்ள நுழைஞ்சவன் நாலு மூச்சுல விழுந்துடுவான். கதவை இப்படி அடிக்க அவனுக்குத் தெம்பு ஏது? இவர் உள்ள போனப்ப காற்று நல்லா இருந்திருக்கு. போனதுக்கு அப்புறம்தான் யாரோ நிரப்பியிருக்காங்க. பழமே இல்லாத ரூமை மெஷின் எதுக்குத் தானா நிரப்பப்போகுது? இவர் கத்தியிருக்கார், அடிச்சிருக்கார், பொத்தானை அழுத்தியிருக்கார். அது விபத்து இல்ல ஏட்டய்யா.”

காலை 9.45.

மெக்கானிக்கின் மனைவி தையல்காரி. ஆய்வாளர் போனபோது மிஷினில் பாதி தைத்த சட்டை இருந்தது. ஊசி துணியில் இறங்கியபடியே நின்றிருந்தது. அந்தப் பெண் அழவில்லை. அழுகை வருவதற்கு முன் வரும் கோபத்தில் இருந்தாள்.

நேற்று ராத்திரி முதலாளி போனில் பேசியதாகச் சொன்னாள். ஐந்தாம் அறையில் ஏதோ சரியில்லை, கூட்டத்துக்குமுன் விடியற்காலையிலேயே போய்ப் பார்த்துவிடு என்றாராம். இவரும் சரி என்றாராம்.

“மூணு மாசமா அவர் சரியாத் தூங்கலைம்மா. கேட்டா ஒண்ணுமில்லம்பார். நேத்துதான் முகம் தெளிஞ்சிருந்துச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு எல்லார் முன்னாடியும் ஒரு பாரத்தை இறக்கி வைக்கப்போறேன்னார். என்ன பாரம்னு கேட்டேன். சாயந்தரம் சொல்றேன்னார்.”

அவருடைய கருவிப் பையை ஏட்டு கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்தார். திறந்தார்கள். ஸ்பேனர்கள், திருப்புளிகள், டேப். அடியில் துணியில் சுற்றிய ஓர் இரும்புக் கைப்பிடி. அதில் நூலால் கட்டிய சீட்டில், தடித்த பென்சிலில் எழுதியிருந்தது: ‘ரூம் 2. பேக்கிங் அக்கா.’

“யாரு இந்த அக்கா?”

மனைவிக்குத் தெரிந்திருந்தது. பழங்களைப் பெட்டியில் அடுக்குகிற பெண். மூன்று மாதத்துக்கு முன்னால் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனாள். ஓய்வறை பெஞ்சில் கிடந்தாள்.

அந்தக் கோப்பு ஆய்வாளரின் மேசைக்கு வந்திருந்தது. ‘இயற்கை மரணம்’ என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

காலை 10.30.

கூட்டத்தைத் தள்ளிவைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அரங்குக்குப் போனாள். அரை மணி தாமதமாக ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவுதான். வெளியூர்களிலிருந்து வந்திருந்த தொழிலதிபர்கள், நகராட்சித் தலைவர்கள், மருத்துவமனை நிர்வாகிகள் என்று முந்நூறு பேர். ஒவ்வொரு நாற்காலியிலும் ஓர் இரங்கல் மடல். கெட்டியான கருநீல அட்டை, மடிப்பு, ஓரமெல்லாம் வெள்ளிச் சரிகை போன்ற கோடு, மேலே மேடாகப் புடைத்த வெள்ளி எழுத்தில் மெக்கானிக்கின் பெயர்.

மேடையில் சங்கத் தலைவர் மடலைப் பிரித்து வாசித்துக்கொண்டிருந்தார். ‘உன் கைகள் ஓய்ந்தன, உன் உழைப்பின் ஓசை ஓயாது’ என்ற இடத்தில் குரல் உடைந்தது. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செய்தி கேட்டதும் நெஞ்சு தாங்காமல் தன் கைப்பட எழுதியது என்றார்.

ஆய்வாளருக்குப் பக்கத்தில் நின்றிருந்த பக்கத்து ஊர் ஆலை முதலாளி ஒருவர், மடலைத் தடவிப் பார்த்து மெச்சினார். “எட்டரைக்குத் தெரிஞ்ச சாவு. பத்து மணிக்கு முந்நூறு சீட்லயும் மடல். சும்மாவா? ஏ.ஐ. வந்ததும் எல்லாம் ஒரு நிமிஷ வேலையாயிடுச்சு.”

அடுத்து மேயர் பேசினார். பொறுமை இல்லாத அம்மாள். ஒரு துயரத்துக்காக முன்னேற்றம் நிற்கக்கூடாது என்றார். அவர் கையைக் காட்டிய பக்கம் நாற்பது துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தம்புதுத் தலைக்கவசங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இனி நகரத்தின் ஒவ்வொரு சாக்கடைக் குழிக்கும் இதே மெஷின் பொருத்தப்படும். குழிக்குள் விஷவாயு இருக்கிறதா, மனிதன் இறங்கலாமா, மூடியை எப்போது மூடலாம் என்பதை இனி மெஷினே சொல்லும். மாலைக்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகும்.

கைதட்டினார்கள். தலைக்கவசக்காரர்களும் தட்டினார்கள், தட்டச் சொல்லியிருந்தார்கள்.

மெக்கானிக் பத்து மணிக்கு எதை இறக்கி வைக்க நினைத்தார் என்பது ஆய்வாளருக்கு அப்போது புரிந்தது. ஒரு மடலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினாள்.

காலை 11.45.

ஸ்டேஷனில் ஏட்டு பழைய கோப்பை எடுத்து வைத்தார். எடுத்து வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

“மேடம், அந்த பேக்கிங் அம்மா செத்ததுக்கு மறுநாள் ஸ்பேனர் அண்ணன் இங்க வந்தார். ரெண்டு மணி நேரம் அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. என்ன விஷயம்னு நான் கேட்டேன். அப்புறம் வரேன்னு போயிட்டார். நான் அதை உங்ககிட்ட சொல்லல.”

“ஏன்?”

“கோப்பை மூடியாச்சேன்னு விட்டுட்டேன்.”

அவரைத் திட்ட அவளுக்கு வாயில் வார்த்தை வந்தது. கோப்பில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தாள். வார்த்தையை விழுங்கினாள்.

கையில் இருந்த மடலின் வெள்ளி எழுத்தை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. மறுபடி அழுத்திச் சுரண்டினாள். அசையவில்லை. போன வருடம் ஸ்டேஷன் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்கு இப்படி வெள்ளி எழுத்தில் அழைப்பிதழ் கேட்டுவிட்டு அச்சகத்தில் பாதிநாள் தவம் கிடந்தது நினைவுக்கு வந்தது. சட்டென்று நிமிர்ந்தாள்.

“ஏட்டய்யா, வண்டியை எடுங்க.”

மதியம் 12.30.

அச்சகம் சந்தைத் தெருவில் ஒற்றை ஷட்டர் கடை. அச்சகத்துக்காரிக்கு ஐம்பது வயது. விரல் நுனிகளில் வெள்ளித் துகள்.

“இந்த மடல் எப்ப போட்டீங்கம்மா?”

“விடிகாலைல ஷட்டரைத் தட்டி எழுப்பினாங்க மேடம். பத்து மணிக்குள்ள முந்நூறு வேணும்னாங்க. முதல்ல எழுத்துக்கு அச்சு வெட்டணும், அதுக்கே ஒரு மணி நேரம். அப்புறம் ஒவ்வொரு அட்டையா வெச்சு, சூடு ஏத்தி, கையால அழுத்தணும். நானும் என் நாத்தனாரும் மாறி மாறி நின்னோம். இடுப்பு விட்டுப்போச்சு. ஒன்பதே முக்காலுக்குத்தான் முடிஞ்சுது.”

“தட்டி எழுப்பினது யாரு?”

சொன்னாள். மடலுக்கான வாசகம் தன் போனுக்கு வந்த செய்தியையும் காட்டினாள். வந்த நேரம் 6.31. ஆய்வாளர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு அந்தப் போனைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

மதியம் 2.00.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் அரங்குக்குத் திரும்பியிருந்தார்கள். மேடையில் ஒப்பந்தக் கோப்பு பட்டுத்துணி விரித்த மேசையில் இருந்தது. ஆய்வாளர் நேராக ஏறிப்போய் மைக்கைக் கையில் எடுத்தாள். அவள் கேட்டபடி மெக்கானிக்கின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மேயர் முகம் சுளித்தார். ஐந்து நிமிடம் போதும் என்றாள் ஆய்வாளர்.

“செயலாளர் சார், காலைல நீங்க எனக்கு ஒரு தாள் கொடுத்தீங்க. வரி 211, 212. அதுக்கு அடுத்தது 215. மெஷினுக்கு எண்ணத் தெரியாதா?”

செயலாளர் ஏதோ தொழில்நுட்பக் காரணம் சொல்ல வாயெடுத்தார்.

“இருங்க. உங்ககிட்ட அப்புறம் வரேன்.” அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். “ஐயா, நீங்க சாவைக் கேள்விப்பட்டது எத்தனை மணிக்கு?”

“எட்டரைக்கும்மா. சொன்னேனே.”

“அதுக்கு அப்புறம்தான் இந்த மடலை எழுதினீங்க?”

“ஆமா. மனசு தாங்காம.”

“முந்நூறு மடல். எழுத்தைத் தொட்டுப் பாருங்க, எல்லாரும் தொட்டுப் பாருங்க. புடைச்சிருக்கா? காலைல இங்க ஒருத்தர் சொன்னார், ஏ.ஐ. வந்ததும் எல்லாம் ஒரு நிமிஷ வேலைன்னு. எழுதறது ஒரு நிமிஷம்தான். ஆனா அச்சு வெட்டறது ரெண்டு பொம்பளைங்க. ஒவ்வொரு அட்டையா அழுத்தறது நாலு கைங்க. அதுக்கு மூணு மணி நேரம் ஆகும். ஒன்பதே முக்காலுக்கு மடல் ரெடி. அப்படின்னா எப்ப ஆரம்பிச்சிருக்கணும்? இத்தனை பேர் கையில வெச்சிருக்கீங்க, ஒருத்தருக்கும் தோணல. ஏன்னா இதுக்குப் பின்னாடி யாரோ வேலை செஞ்சிருப்பாங்கங்கறதையே நாம மறந்துட்டோம்.”

அவள் மறுபடி தலைவரைப் பார்த்தாள்.

“ஆறு மணி தாண்டி நீங்களே போய் ஷட்டரைத் தட்டியிருக்கீங்க. மெக்கானிக் செத்துட்டான், மடல் வேணும்னு சொல்லியிருக்கீங்க. உடலை மேலாளர் பார்த்தது எட்டு இருபதுக்கு. அதுக்கு முன்னாடி இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்தச் சாவு தெரியும்.”

தலைவரின் பெரிய குரல் சின்னதாக வந்தது. “அச்சகத்துக்காரி ஏதோ உளர்றா. எனக்கு மெசேஜே அனுப்பத் தெரியாதுன்னு சொன்னேனேம்மா.”

ஆய்வாளர் அச்சகத்துக்காரியின் போனை எடுத்தாள். “தெரியுது. ஆனா எதை வெட்டிட்டு அனுப்பணும்னுதான் தெரியல. மடல் வாசகத்துக்கு மேல நீங்க போன்ல ஏ.ஐ.கிட்ட கேட்டதும் சேர்ந்தே வந்திருக்கு. உங்க நம்பர், 6.31. படிக்கிறேன். ‘கிடங்கில் இறந்துபோன மெக்கானிக்குக்கு முதலாளி எழுதுவது போல் ஓர் இரங்கல் எழுது. எண்பது சொல்லுக்குள். கண்ணீர் வர வேண்டும்.’”

முதல் வரிசையில் தையல்காரி எழுந்து நின்றாள். கையில் இருந்த மடலைக் கீழே போட்டு, அதன்மேல் காலை வைத்து நின்றாள்.

“தினமும் ஆறு மணிக்கு ஷிப்ட் இறங்கும். இறங்கினதும் பார்த்துடுவாங்க, அப்புறம் யார் நிமிஷக் கணக்குப் பார்க்கப்போறாங்கன்னு நினைச்சீங்க. மெஷின் கொன்னுடுச்சுன்னு நீங்களே முதல்ல அழுதுட்டா உங்களை யாரும் கேட்கமாட்டாங்க. ஆனா ஷிப்டை பஸ்ல ஏத்தி இங்க கூட்டிட்டு வந்துட்டாங்கங்கறது உங்களுக்குத் தெரியாது.”

அவள் பையிலிருந்து கைப்பிடியை எடுத்து ஒப்பந்தக் கோப்பின்மேல் வைத்தாள். இரும்பு மேசையில் பட்ட ஓசை மைக்கில் கேட்டது.

“இது ரெண்டாம் ரூம் கைப்பிடி. மூணு மாசம் முன்னாடி பேக்கிங் அம்மா ஒருத்தங்க உள்ள இருக்கும்போதே, ஆளே இல்லைன்னு மெஷின் தப்பா எண்ணி கதவைப் பூட்டி நைட்ரஜன் நிரப்பிடுச்சு. திறக்கக் கைப்பிடி இல்ல. கழட்டச் சொன்னது நீங்க. செத்தவங்களை ஓய்வறைல கொண்டுபோய்ப் படுக்கவெச்சு மாரடைப்புன்னு சொன்னீங்க. தூக்க உதவி பண்ணினவர் மெக்கானிக். வேலை போயிடும்னு அப்ப வாயை மூடிக்கிட்டார். இதே மெஷினை நம்பி நாற்பது பேரைச் சாக்கடைக்குள்ள இறக்கப்போறாங்கன்னு தெரிஞ்சதும் அவரால மூடிக்கிட்டு இருக்க முடியல. உங்ககிட்ட வந்து நேர்மையா சொல்லிட்டார், நாளைக்குப் பேசப்போறேன்னு. அதுதான் அவர் பண்ணின தப்பு.”

“ரெண்டாம் ரூம் பத்தி உனக்கு யாரு சொன்னது?” என்றார் தலைவர். வாய்விட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

“யாரும் சொல்லல. அந்தச் சீட்டையும் என் கோப்பையும் சேர்த்து வெச்சு ஊகிச்சேன். இப்ப நீங்க சொல்லிட்டீங்க.” அவள் செயலாளர் பக்கம் திரும்பினாள். “வரி 213, 214. நீங்களா சொல்றீங்களா, இல்ல மெஷினைத் திறந்து பார்க்கட்டுமா? கொலையை மறைச்சதும் குற்றம்தான். இப்ப சொன்னா அதோட நிக்கும்.”

செயலாளரின் சட்டை மடிப்பு முதல்முறையாகக் கலைந்திருந்தது. அந்தப் பெண் இறந்த பிறகு மெஷினில் ஒரு திருத்தம் செய்ததாகச் சொன்னார். ஆளை எண்ணும் கருவியை மாற்றி, சந்தேகம் வந்தால் கேட்கும்படி வைத்தார். திருத்தினால் முன்பு பிழை இருந்ததை ஒப்புக்கொண்டதாகுமே, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் பதிவேட்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கூட்டம் முடியட்டும் என்று அந்த இரண்டு வரிகளை நீக்கி அச்செடுத்தார். 215ஆம் வரியில் ‘தானியங்கி’ என்று சேர்த்தார்.

“என்ன இருந்துச்சு அந்த வரில? மைக்ல சொல்லுங்க.”

அவர் மடிக்கணினியைத் திறந்து, தலை நிமிராமல் வாசித்தார்.

“213. 5.18. உள்ளே ஒருவர் இருக்கிறார். நைட்ரஜன் நிரப்பலைத் தொடரவா?” அடுத்த வரிக்கு வந்தார். “214. 5.19. உரிமையாளர் எண்ணிலிருந்து பதில். தொடர்க.”

“மெஷின் பார்த்திருக்கு,” என்றாள் ஆய்வாளர். “உள்ள ஆள் இருக்குன்னு சொல்லியிருக்கு. ஒரு நிமிஷம் காத்திருந்திருக்கு. மனுஷன்தான் செய்னு சொன்னது.”

தலைவர் அழவில்லை. அந்த முகத்தில் அழுகை இல்லாதபோது வேறு எதுவும் இருக்கவில்லை. ஏட்டு அவர் தோளைத் தொட்டார். படியிறங்கும்போது அவர் மேயரைப் பார்த்தார். மேயர் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைக்கவசக்காரர்களில் ஒருவர் எழுந்தார். கவசத்தைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். மேயரிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார்: “எங்களைக் கேட்காம எங்க பேர்ல எதையும் கையெழுத்துப் போடாதீங்கம்மா.” நாற்பது பேரும் ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஒப்பந்தக் கோப்பை யாரும் தொடவில்லை.

மாலை 5.40.

இரண்டு கைதுகளும் முடிந்து, மேலதிகாரிக்குத் தன்னைப் பற்றியே ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆய்வாளர் பேக்கிங் அக்காவின் வீட்டைத் தேடிப்போனாள். மூன்றாம் மாடி. ஏட்டு கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள்.

மகள் கதவைத் திறந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. சீருடையைப் பார்த்ததும் கதவை இன்னும் கொஞ்சம் சாத்திக்கொண்டாள்.

ஆய்வாளர் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த எதையும் சொல்லவில்லை.

“உங்க அம்மா மாரடைப்புல போகல. கிடங்கு ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டு மூச்சு முட்டிப் போனாங்க. யாரையும் விசாரிக்காம நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

“தெரியும்,” என்றாள் மகள்.

ஆய்வாளர் நிமிர்ந்தாள்.

“குளிப்பாட்டினது நான்தான். கையைப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்துச்சு. மாரடைப்பு வந்தவங்களுக்கு எதுக்கு அப்படி இருக்கும்? ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன். எழுதிக் கொடுத்துட்டுப் போன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். உங்க கோப்புல இருக்கும். நீங்க படிக்கல.”

குழந்தை ஆய்வாளரின் தொப்பியைப் பிடிக்கக் கை நீட்டியது. மகள் அந்தக் கையை மெல்ல விலக்கினாள்.

வழக்கை மறுபடி திறக்க, தான் எழுதிவந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வேண்டும் என்று ஆய்வாளர் தாளை நீட்டினாள். மகள் தாளை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை.

“இங்கயே நில்லுங்க,” என்றாள். “ஒரு வரி விடாம படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

கதவு மூடியது. மாடிப்படியில் யாரோ ஏறி வந்தார்கள்; சீருடையைப் பார்த்துச் சுவரோரம் ஒதுங்கிப் போனார்கள். ஆய்வாளர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கதவுக்கு வெளியே காத்து நின்றாள்.